ஊறுகாய், எண்ணெய், பொடி: எந்த மூடி எதற்கு?

மூடியிடம் நாம் இரண்டு வேலைகளை எதிர்பார்க்கிறோம். காற்றும் ஈரமும் உள்ளே போகக் கூடாது, எண்ணெய் வெளியே வரக் கூடாது என்பது ஒன்று. நடுவில் யாராவது திறந்திருந்தால் அது வாங்குபவர் கண்ணில் பட வேண்டும் என்பது இன்னொன்று. கடையில் ‘சீல் மூடி’ என்று ஒரே பெயரில் விற்றாலும், இந்த இரண்டையும் பெரும்பாலும் ஒரே பாகம் செய்வதில்லை. கோலி சோடாவையே பாருங்கள். ஹிரம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற அந்தப் புட்டியில், வாயுவின் அழுத்தமே கோலியைக் கழுத்து ரப்பர் வளையத்தோடு சேர்த்துப் பிடிக்கிறது. அடைப்பு என்றால் அதுதான் அடைப்பு. ஆனால் கோலியைத் தள்ளித் திறந்து மறுபடி வாயு ஏற்றி வைத்தால் ஒருவருக்கும் தெரியாது. அரக்கு முத்திரை நேர்மாறு: உடைத்தால் உடனே தெரியும், காற்றைத் தடுக்கும் வேலையை அது செய்வதில்லை.

வீட்டிலோ சிறு கூடத்திலோ ஊறுகாய், செக்கு எண்ணெய், தேன், இட்லிப் பொடி போட்டு விற்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பெரிய தொழிற்சாலைக்கு இதெல்லாம் பழைய செய்தி.

வாயிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலானோர் முதலில் அழகான பாட்டிலை வாங்கிவிட்டுப் பிறகு மூடி தேடுகிறார்கள். உண்மையில் தேர்ந்தெடுக்க வேண்டியது பாட்டிலின் வாய். அடைப்பு நடப்பது அந்த விளிம்பின் மேல்முகத்தில்தான். அதன் அகலம் சில மில்லிமீட்டர்கூட இருக்காது. மூடி, மரை எல்லாம் அந்த வளையத்தின்மேல் ஒரு மெத்தையை அழுத்திப் பிடிக்க வந்தவை. ஆகவே விளிம்பில் ஒரு கீறலோ அச்சு சேர்ந்த இடத்தில் ஒரு மேடோ இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து மூடி வாங்கினாலும் கசியும். வந்த சரக்கில் பத்துப் பதினைந்து பாட்டில்களை எடுத்து, ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் கவிழ்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். ஆடினாலோ ஒரு பக்கம் வெளிச்சக் கீற்று தெரிந்தாலோ அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பலாம்.

‘38 மி.மீ. மூடி’ என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். 38 என்பது மரையின் வெளிவிட்டத்தை ஒட்டிய பெயரளவு. மரை எத்தனை சுற்று, கழுத்து எவ்வளவு உயரம், திறந்தால் அறுகிற கீழ்ப்பட்டை மாட்டிக்கொள்ள மேடு உண்டா என்பதெல்லாம் தனி. ஒரே 38இல் இரண்டு பேர் செய்த பாட்டிலும் மூடியும் ஒன்றோடொன்று சேராமல் போவது சாதாரணம். மூடியின் பாவாடை, அதாவது பக்கச் சுவர், பாட்டிலின் தோளில் இடித்துவிட்டால் கைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும், உள்ளே மெத்தை விளிம்பைத் தொட்டிருக்காது. சந்தேகம் இருந்தால் மெத்தையில் ஸ்டாம்ப் மை தடவி மூடித் திறந்து பாருங்கள். விளிம்பில் முழு வட்டமாக மை ஒட்ட வேண்டும்.

மெத்தை என்று சொன்னது மூடிக்குள் இருக்கும் வட்டத் தகடு. கடையில் வாட் என்பார்கள். மலிவான நுரை பாலித்தீன் வாட் பொடிக்கும் தேனுக்கும் போதும். எண்ணெய் ஊறுகாய்க்கு அது சரிப்படாது. வெட்டிய ஓரத்தின் வழியாக எண்ணெய் மெல்ல ஏறி வரும், நாளாக ஆக வாட் நசுங்கிய நிலையிலேயே தங்கிவிடும், பிறகு அழுத்தம் இருக்காது. இரு முகத்திலும் பிலிம் ஒட்டிய வாட் கேட்டு வாங்குங்கள். தகர மூடி என்றால் உப்பும் புளிப்பும் வெட்டிய ஓரத்தில்தான் முதலில் துருவை ஏற்றும். ஊறுகாய்க்குப் புளிப்பு தாங்கும் பூச்சு உள்ள மூடி வேண்டும் என்று சொல்லியே வாங்க வேண்டும்.

இறுக்கத்தை அளக்கலாம்

‘நல்லா இறுக்கு’ என்பது அளவே அல்ல. காலையில் இறுக்குகிற கையும் மாலையில் இறுக்குகிற கையும் ஒன்றல்ல. மரை மூடிகளுக்குப் பொதுவாகப் புழங்கும் அட்டவணையில், 28 மி.மீ. மூடிக்கு 12 முதல் 21 அங்குல-பவுண்டு (திருகு விசையின் அலகு), 38 மி.மீ.க்கு 17 முதல் 26. நியூட்டன்-மீட்டரில் சொன்னால் 38க்கு ஏறத்தாழ 1.9 முதல் 2.9. இதை அளக்கும் கருவி விலை கூடியது. அது இல்லாமலும் சமாளிக்கலாம். ஒரு மரக்கட்டையில் மூடி அளவுக்குத் துளை போட்டு, உள்ளே சைக்கிள் ட்யூப் ரப்பரை ஒட்டி, துளையின் மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி ஒரு கொக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலை அசையாமல் பிடித்து, கொக்கியில் தொங்கு தராசை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுத்தால் 1.2 கிலோ என்று காட்டுவது சுமார் 2.4 நியூட்டன்-மீட்டர். 38 மி.மீ. மூடிக்கு இதுவே நடு அளவு.

மறுநாள் அதே கட்டையால் திறந்து பார்த்தால் எண் பாதி அளவுக்கு இறங்கியிருக்கும். பயப்பட வேண்டாம், மெத்தை அமுங்கிச் சமநிலைக்கு வருவதால் அப்படி ஆகிறது. கால் பங்குக்கும் கீழே போனால்தான் கவலை. அதற்குக் காரணம் பெரும்பாலும் மரையில் படிந்த எண்ணெய்.

எண்ணெய் பாட்டிலில் இன்னொரு தொல்லை வெப்பம். சமையல் எண்ணெய் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.07 சதவீதம் விரிகிறது. 25 டிகிரியில் அடைத்த 1 லிட்டர், கோடையில் லாரியில் 45 டிகிரிக்குப் போனால் 14 மி.லி. கூடும். கண்ணாடிப் புட்டியில் மேலே 25 மி.லி. மட்டும் இடம் விட்டிருந்தால் அந்தக் காற்று 11 மி.லி.க்குள் நசுங்கி, அழுத்தம் இரண்டு மடங்கைத் தாண்டும். 50 மி.லி. விட்டால் ஒன்றரை மடங்கோடு நிற்கும். பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில் கொஞ்சம் உப்பிக் கொடுக்கும் என்பதால் அதற்கு 30 மி.லி. போதும். மூடி கசிகிறது என்று வரும் புகார்களில் பல, உண்மையில் கழுத்து வரை நிரப்பியதால் வருபவை. ஆனால் இடம் விட்டால் காற்றும் கூடுகிறது, 50 மி.லி. காற்றில் 10 மி.லி. ஆக்சிஜன் இருக்கிறது, எண்ணெய் சிக்கு வாடை அடிக்க அது உதவும். இதற்கு எளிய வழி, எண்ணெயை 35 டிகிரி அளவில் நிரப்புவது. லாரியில் விரிய மிச்சம் இருப்பது பாதிதான். அளவை மட்டும் எடையில் பாருங்கள். 1 லிட்டர் என்பது ஏறத்தாழ 910 கிராம். இன்னொன்று: கெட்டிப் பாலித்தீனால் ஆன வெள்ளை எச்.டி.பி.இ. கேன் ஈரத்தைத் தடுக்கும், ஆக்சிஜனைத் தடுப்பதில் பெட்டைவிடப் பல மடங்கு மோசம். அதில் உயர்ந்த மூடி போட்டு என்ன பயன்? காற்று சுவர் வழியாகவே வருகிறது.

சூடாக அடைப்பதும் லக் மூடியும்

ஜாம், தக்காளித் தொக்கு போன்றவற்றின் கண்ணாடி ஜாடியில் கால் சுற்றில் இறுகும் தகர மூடிதான் லக் மூடி. நடுவில் சிறு பொத்தான் இருக்கும். உள்ளே வெற்றிடம் இருந்தால் பொத்தான் கீழே அமுங்கியிருக்கும், திறந்ததும் ‘டப்’ என்று எழும். காற்றடைப்பும் கைவைத்த அடையாளமும் இங்கே ஒரே பொருளில் கிடைக்கின்றன. அதனாலேயே எனக்குப் பிடித்த மூடி இது.

வெற்றிடத்தை உண்டாக்குவது நீராவி. 85 டிகிரியில் அடைக்கும்போது மேலிடத்தில் இருப்பதில் பாதிக்கு மேல் நீராவி. ஆறியதும் அது தண்ணீராக இறங்கிவிடும். கணக்குப்படி உள்ளழுத்தம் 101 கிலோபாஸ்கலிலிருந்து 40 சொச்சத்துக்கு வரும். 63 மி.மீ. மூடிமேல் அது 15 கிலோவுக்கு மேல் எடையை வைத்த மாதிரி. செய்யும் முறை: ஜாடியை வெந்நீரில் சூடாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விரிசல் விடும். பண்டம் 85 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்போதே நிரப்பி, மேலே 6 முதல் 10 மி.மீ. விடுங்கள். விளிம்பை ஈரத்துணியால் துடையுங்கள். மூடியைச் சூடான நீரில் சில நிமிடம் போட்டு எடுத்தால் அதன் ஓரத்து ரப்பர் போன்ற பூச்சு இளகி விளிம்பில் பதியும். மூடி நிற்கும் வரை திருகி, இரண்டு நிமிடம் கவிழ்த்து வைத்தால் மூடியின் உட்புறமும் சூட்டில் சுத்தமாகும். பிறகு நிமிர்த்தி ஆறவிடுங்கள். மூடியின் ஓரத்தில் உள்நோக்கி மடிந்த பற்கள்தான் லக். மூடியில் எத்தனை லக் இருக்கிறதோ அத்தனை மரைத் தொடக்கம் ஜாடியிலும் இருக்க வேண்டும். விட்டம் ஒத்துப்போனால் போதும் என்று நினைத்து மூன்று லக்கையும் நான்கு லக்கையும் கலந்துவிடுகிறார்கள்.

இறுக்கம் சரியா என்று பார்க்க, ஆறிய ஜாடியில் மூடியிலிருந்து கண்ணாடி வரை மார்க்கரால் செங்குத்தாக ஒரு கோடு. மூடியைத் திறந்து, பூச்சு விளிம்பைத் தொடும் வரை மட்டும் மெல்லத் திருப்பி மூடுங்கள். மூடியின் கோடு, கண்ணாடிக் கோட்டுக்கு வலப்புறம் சில மில்லிமீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். அந்தத் தூரம்தான் அழுத்தி வைத்த இறுக்கம். கோடுகள் ஒன்றாகிவிட்டால் முதலில் மூடியதே தளர்வு.

இந்தப் பொத்தான் மூடியை எண்ணெய் ஊறுகாய்க்குப் போட்டு, பொத்தான் இறங்கவில்லை என்று மூடி விற்றவரிடம் சண்டை போடுகிறார்கள். ஆறிய பிறகு நிரப்பிய ஊறுகாயில் நீராவி ஏது? மேலே நிற்பது எண்ணெய், அது ஆவியாவதில்லை. பொத்தான் எப்படி இறங்கும்? அங்கே பொத்தானில்லாத மூடியை வாங்கி, கைவைத்த அடையாளத்தை வேறு வழியில் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இன்னும் ஊறி அடங்காத ஊறுகாயை இறுக மூடினால் வாயு சேர்ந்து மூடி புடைக்கும். பீங்கான் ஜாடிக்குத் துணியால் வேடு கட்டியதன் பலனே அந்த வாயு வெளியேறியதுதான். நுரைத்தல் நின்ற பிறகே பாட்டிலுக்கு மாற்றுங்கள். தேனும் அப்படித்தான்: ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போனால் புளிக்கும், மூடி தூக்கும். அந்த 20 சதவீதமே நம் உணவுத் தர விதியின் உச்ச வரம்பும்.

ஒரு எச்சரிக்கை. காற்றுப் புகாமல் அடைப்பது பண்டத்தைக் கெடாமல் காக்கும் என்று நம்பிவிடாதீர்கள். புளிப்பு போதாத பண்டத்தில், அதாவது பி.எச். 4.6க்கு மேல் இருப்பதில் (புளிப்பு கூடினால் இந்த எண் குறையும்), காற்றில்லாத இடம்தான் நஞ்சை உண்டாக்கும் பொட்டுலினம் கிருமிக்கு வசதி. பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு இறுக மூடி அலமாரியில் வைப்பது ஆபத்து. முதலில் புளிப்பை அளந்து சரிசெய்யுங்கள், மூடியைப் பிறகு பார்க்கலாம்.

இண்டக்‌ஷன் சீல்

மூடியைத் திறந்ததும் வாயில் ஒட்டியிருக்கும் அலுமினியத் தாள் இது. நான்கு அடுக்கு: மேலே அட்டை, அதன்கீழ் மெழுகு, பிறகு மெல்லிய அலுமினியம், கடைசியில் பாட்டிலோடு ஒட்டும் பிளாஸ்டிக் படலம். கருவியின் சுருள், மூடிக்கு மேலிருந்தே அலுமினியத்தில் மின்னோட்டத்தைத் தூண்டிச் சூடாக்கும். படலம் உருகி விளிம்பில் ஒட்டும், மெழுகு உருகி அட்டைக்குள் ஊறும், அட்டை மூடியோடு தங்கிவிடும். மூடி பிளாஸ்டிக்காகவே இருக்க வேண்டும். தகர மூடி என்றால் சூடாவது மூடிதான்.

படலம் பாட்டிலின் பிளாஸ்டிக்குக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எச்.டி.பி.இ.க்கு உரியது பெட்டில் ஒட்டாது, ஒட்டியது போல் இருந்து உரிந்து வரும். கண்ணாடி இன்னும் சிரமம். அதற்கென்று தனிப் பூச்சுள்ள தாள் வேண்டும், அதிலும் ஈரம் பட்டால் பிடிப்பு தளரும். கண்ணாடி ஜாடிக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நேரத்தை அமைக்கும் முறை இது. மூடி சரியான இறுக்கத்தில் இருக்கட்டும், அழுத்தம் இல்லாமல் ஒட்டாது. கைக்கருவியில் 0.5 விநாடியில் தொடங்கி, 0.1 விநாடியாகக் கூட்டி, ஒவ்வொரு அளவிலும் மூன்று பாட்டில் சீல் செய்யுங்கள். முழுதாக ஆறிய பிறகே திறந்து பாருங்கள். சூட்டில் எல்லாமே உரியும். முழு வட்டமும் ஒட்டிய மிகக் குறைந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து கூட்டினால் ஓரிடத்தில் அட்டை பழுப்பாகி, கருகல் வாடை வரும், விளிம்பு இளகும். அந்த நேரத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில், சற்றே மேல்பக்கம் வைத்து ஓட்டுங்கள். இரண்டுக்கும் இடையே 0.2 விநாடிகூட இல்லை என்றால் தாளும் பாட்டிலும் பொருந்தவில்லை, வேறு தாள் தேடுவது நல்லது.

பழுதைப் பார்த்தே காரணம் சொல்லலாம். ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் விட்டிருந்தால் கருவியின் தலை நடுவில் இல்லை. தாள் மூடியோடு வந்துவிட்டால் மெழுகு உருகவில்லை, சூடு போதாது. ஒரு சிறு வாய்க்கால் மட்டும் திறந்திருந்தால் அங்கே பொடியோ எண்ணெயோ இருந்திருக்கிறது. பொடிக்கு நீண்ட கழுத்துப் புனலும், எண்ணெய்க்குச் சொட்டாத முனையும் போடுங்கள். துடைத்துச் சரிசெய்வது இரண்டாம் பட்சம். தாளில் கறுப்புப் புள்ளிகள் வந்தால் படலத்தில் ஊசித்துளை, அதன் வழியே உப்பும் புளிப்பும் அலுமினியத்தைத் தின்கின்றன. சீல் ஆனபின் மெழுகு அடுக்கு போய்விடுவதால் மூடி தளர்ந்திருக்கும். மறுபடி ஒருமுறை இறுக்கி அனுப்புங்கள்.

கைவைத்தால் தெரிய வேண்டும்

1982இல் சிகாகோ பகுதியில் டைலினால் என்ற வலிநிவாரணி மாத்திரைக் குப்பிகளில் யாரோ சயனைடு கலந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். சுமார் 3.1 கோடிக் குப்பிகள் திரும்பப் பெறப்பட்டன. மறுபடி கடைக்கு வந்தபோது ஒட்டிய அட்டைப்பெட்டி, கழுத்தில் பிளாஸ்டிக் பட்டை, வாயில் தாள் என்று மூன்று அடுக்கு இருந்தது. ஒன்று ஏமாற்றப்பட்டாலும் மற்றது காட்டிக்கொடுக்கும் என்ற கணக்கு. திறக்கவே முடியாத மூடியை யாராலும் செய்ய முடியாது. திறந்த தடத்தை மறைக்க முடியாதபடி செய்யலாம்.

பிளாஸ்டிக் மரை மூடியின் கீழ்ப்பட்டை மெல்லிய இணைப்புகளால் மூடியோடு சேர்ந்திருக்கும். திருகும்போது அவை அறுந்து பட்டை கழுத்திலேயே நிற்கும். இதில் யாரும் கவனிக்காத விஷயம் வரிசை. இணைப்பு அறுந்த பிறகுதான் அடைப்பு விட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 38 மி.மீ. வகையில் மரை அங்குலத்துக்கு ஆறு, ஒரு முழுச் சுற்றுக்கு மூடி 4.2 மி.மீ. எழும். வாட் 0.3 மி.மீ. அமுங்கியிருந்தால் 25 டிகிரி திருப்பியதுமே அடைப்பு போய்விடும். இணைப்பு 60 டிகிரியில்தான் அறுகிறது என்றால், பட்டை அறாமலே மூடியைத் தளர்த்தித் திரும்ப இறுக்க இடமிருக்கிறது. பாட்டிலின் வாய்க்குள் 2 மி.மீ. இறங்கும் செருகு வளையம் உள்ள மூடியில் அடைப்பு சுமார் 170 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மூடி, கவிழ்த்துப் பிடித்து, மெல்லத் திருப்பி, முதல் இணைப்பு அறும் கோணத்தையும் முதல் சொட்டு விழும் கோணத்தையும் குறித்தால் உங்கள் மூடி எந்த ரகம் என்று தெரியும். பட்டை முழுசாக மூடியோடு வந்துவிட்டால் கழுத்து மேடு சிறியது. போடும்போதே இணைப்பு அறுந்தால் மூடி கோணலாக இறங்குகிறது.

மருந்து சிரப் புட்டிகளில் வரும் அலுமினிய மூடிக்கு வாங்கும்போது மரையே இருக்காது. மேலிருந்து அழுத்திக்கொண்டு உருளைகள் சுற்றிப் புட்டியின் மரையையே அதில் பதிக்கும், இன்னொரு சோடி உருளை பட்டையைக் கழுத்து மேட்டுக்குக் கீழே மடக்கும். மேலழுத்தம் குறைந்தால் கசியும், பக்க அழுத்தம் மிஞ்சினால் தகடு கிழியும்.

சூட்டில் சுருங்கி மூடியைச் சுற்றிப் பிடிக்கும் ஷ்ரிங்க் பட்டையை எல்லாரும் போடுகிறார்கள். நிறமற்ற வெறும் பட்டை யார் வேண்டுமானாலும் வாங்கிச் சுருக்கக்கூடியது; உங்கள் பெயரை அச்சடித்து, கிழிப்பதற்குத் துளைவரிசை போட்டால் மட்டுமே அதற்கு மதிப்பு. மூடிக்கும் ஜாடிக்கும் சேர்த்து ஒட்டும் லேபிளில் பிளாஸ்டிக் பிலிம் வேண்டாம், முழுசாக உரிந்து வந்துவிடும். எளிதில் துண்டாகும் தாளில், குறுக்கே இரண்டு வெட்டு போட்டு, எண்ணெய் துடைத்த கண்ணாடியில் ஒட்டுங்கள்.

அனுப்பும் முன் சோதனை. காலிப் பாட்டிலை சீல் செய்து வெந்நீரில் முழுக்குங்கள். பெட் என்றால் 50 டிகிரி, கண்ணாடிக்கு 60. 30 டிகிரியிலிருந்து 60க்குப் போனால் உள்ளழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடும், ஓட்டை இருந்தால் குமிழி வரும். எண்ணெயும் ஊறுகாயும் நிரம்பியதை ஒருநாள் பழுப்புத் தாளில் கவிழ்த்து வையுங்கள். ஊட்டிக்குப் பொடி அனுப்புகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: கடல்மட்டத்தில் அடைத்த பாட்டிலுக்கு 2,240 மீட்டர் உயரத்தில் வெளியழுத்தம் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைவு. அரைகுறையாக ஒட்டிய தாள் அங்கே போய்த்தான் புடைத்து விடும்.

கடைசியாக, வாங்குபவருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லாவிட்டால் இத்தனை வேலையும் வீண். ‘மூடியின் கீழ்ப்பட்டை அறுந்திருந்தாலோ வாயில் தாள் இல்லாவிட்டாலோ வாங்காதீர்கள்’ என்று அச்சடியுங்கள். அதைப் பட்டையிலேயே அச்சடிப்பவர்கள் உண்டு. பட்டையைக் கழற்றி எறிந்தவன் அந்த எச்சரிக்கையையும் சேர்த்தே எறிந்துவிடுவான். பாட்டிலின் முன் லேபிளில், பெயருக்குக் கீழே போடுங்கள்.